ஏழால் வகுத்தால் அறுபது

“ஒன்பதாவது கேள்விக்கு எம்பொண்ணுக்கு ஏன் சைபர் போட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா, டீச்சர்?”

கேட்டவர் விமானி. சீருடையிலேயே பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள், அந்த விடைத்தாளை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவள் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு டீச்சருக்கு இது புதிய கேள்வி இல்லை. பத்தொன்பது வருடங்களாக அந்தப் பள்ளியில் கணக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவர் அவர்தான். முதுகுக்குப் பின்னால் ‘சைபர் டீச்சர்’ என்று பெயர். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஒரு தடவை போட்ட சைபரை அவர் இன்றுவரை மாற்றியதில்லை.

“விடை தப்பு சார். அறுபது நிமிஷம்னு வரணும். உங்க பொண்ணு நாப்பதுன்னு எழுதியிருக்கா. வழிமுறையும் இல்ல.”

“வழிமுறை இருக்கே, டீச்சர்” என்றாள் மகள் மெதுவாக.

இருந்தது. ‘நாற்பது நிமிடம். அப்பா அப்படித்தான் போவார்’ என்று எழுதியிருந்தாள்.

விமானி லேசாக இருமினார். “ஆனா நாப்பது நிமிஷம்தானே டீச்சர் ஆகுது? அந்த ரூட்டுல நான்தான் ஓட்டுறேன்.”

டீச்சர் கேள்வித்தாளை எடுத்து, வகுப்பில் வாசிப்பது போலவே சத்தமாக வாசித்தார். “நம் ஊர் விமான நிலையத்துக்கும் துறைமுக ஊர் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் நானூற்று இருபது கிலோமீட்டர். நிமிடத்துக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் இந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை நிமிடம் ஆகும்? நானூத்தி இருபதை ஏழால வகுங்க சார். எவ்வளவு வருது?”

“அறுபது வருது. வேகம் சரிதான். தூரம்தான் இடிக்குது. நானூத்தி இருபதுங்கறது பஸ் போற தூரம், டீச்சர். ரோடு மலையைச் சுத்திக்கிட்டுப் போகுது. நாங்க மலைக்கு மேல நேரா போறோம். இருநூத்தி எண்பதுதான்.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்த நானூற்று இருபதை அவர் பஸ் நிலையத்து அறிவிப்புப் பலகையிலிருந்துதான் எடுத்திருந்தார். வழக்கமாக அவருடைய கேள்விகளில் ‘அ’ என்ற ஊரிலிருந்து ‘ஆ’ என்ற ஊருக்குத்தான் வண்டிகள் போகும். போன வருடம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, கேள்விகள் வாழ்க்கையோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் ஒட்டினார். ஒட்டியது இப்போது பிய்க்க வரவில்லை.

“கேள்வியில என்ன குடுத்திருக்கோ அதை வெச்சுத்தான் சார் போடணும்.”

“நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா ஊர்ப் பேரு நிஜம், ஏர்ப்போர்ட் நிஜம். தூரம் மட்டும் பொய்யா இருந்தா, அதுல போய் வர்ற பொண்ணு என்ன பண்ணுவா?”

அதைப் பணிவாகத்தான் கேட்டார். ஆனால் ‘பொய்’ என்ற வார்த்தை வந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை கதவோரம் நின்றிருந்தார்.

பத்து நிமிடம் கழித்து டீச்சர் தலைமை ஆசிரியையின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“கேள்வியிலேயே தகவல் தப்புன்னா, நாப்பத்தோரு பிள்ளைங்களுக்கும் முழு மார்க் குடுக்கணும். அது விதி” என்றார் தலைமை ஆசிரியை. “மார்க் போனா போகுது. அடுத்த வருஷம் கேள்வித்தாளை யார் எடுக்கறதுன்னு வெள்ளிக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணணும். இப்படி ஆயிடுச்சுன்னா, புதுசா வந்த சாருக்குக் குடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க.”

புதிதாக வந்த சார், கணக்கில் ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ என்று கேள்வி கேட்பவர். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நாலில் ஒரு பங்கு மார்க் கிடைத்துவிடும். பத்தொன்பது வருட உழைப்பு அந்த ஆளின் கையில் போவதை நினைக்கவே டீச்சரால் முடியவில்லை.

“கேள்வி சரி மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபிக்கிறேன்.”

“எப்படி?”

“கணக்கு டீச்சருக்கு நிரூபிக்கத் தெரியாதா?” என்று எழுந்துவிட்டார். எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேராக விமான நிலையத்துக்குப் போனார். அது ஒரு சின்ன விமான நிலையம். ஒரு நாளைக்கு மூன்று விமானம் வரும், மூன்று போகும். விசாரணைக் கவுண்டரில் இருந்தவர் தேநீரை அப்போதுதான் வாயருகே கொண்டுபோயிருந்தார்.

“இங்கேயிருந்து துறைமுக ஊருக்கு எவ்வளவு தூரம்?”

“டிக்கெட் எடுக்கணுமாங்க?”

“தூரம் வேணும்.”

“தூரம் மட்டுமா?”

“தூரம் மட்டும். எழுத்துல வேணும். முத்திரையோட. பள்ளிக்கூட முகவரிக்கே மெயில் அனுப்பிடுங்க, தலைமை ஆசிரியை பேருக்கு.”

தன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு கொடுத்திருக்கலாம். ஆனால் டீச்சர் நேர்வழிக்காரர். தவிரவும் அந்த மலை அப்படி ஒன்றும் பெரிய மலை இல்லை என்று அவருக்குத் தோன்றியிருந்தது. ரோட்டுக்கும் ஆகாயத்துக்கும் மிஞ்சிப்போனால் ஐந்தாறு கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கும்; அதைப் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு.

மறுநாள் காலை தலைமை ஆசிரியை கூப்பிட்டார். புதிய சார் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார், கையில் கால்குலேட்டரோடு.

“நூத்தி ஐம்பத்தொண்ணு மைல்னு வந்திருக்கு டீச்சர். சார் கிலோமீட்டரா மாத்திப் பாத்தாரு.”

“இருநூத்தி நாப்பத்து மூணு கிட்ட வருது” என்றார் புதிய சார், ரொம்ப வருத்தப்படுகிறவர் போல. “ஏழால வகுத்தா முப்பத்தஞ்சு நிமிஷம்.”

நாற்பதை அறுபதாக்கப் போனவர் முப்பத்தைந்தோடு வந்து நின்றார்.

மத்தியானம் விமானிக்கு ஃபோன் போட்டுக் கேட்டதில், அது கடல் மைல், சாதா மைலைவிட நீளம், கிலோமீட்டருக்கு மாற்றினால் இருநூற்று எண்பதுதான் வரும் என்று அவர் விளக்கினார். ஆனால் அதற்குள் செய்தி ஏழாம் வகுப்புக்குள் புகுந்து, வீடுகளுக்கும் போய்விட்டது. சாயங்காலம் ஒரு அம்மா மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

“எம்பையன் பரீட்சையிலேயே முப்பத்தஞ்சுன்னுதானே எழுதியிருக்கான்! ஏர்ப்போர்ட்டுக்காரங்களே இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. இவனுக்கு சைபரா?”

டீச்சர் அவனுடைய விடைத்தாளைப் புரட்டிக் காட்டினார். நாலாவது, ஆறாவது, பதினோராவது கேள்விகளுக்கும் அவன் முப்பத்தைந்து என்றுதான் எழுதியிருந்தான்.

“ஒண்ணுலயாவது சரியா இருக்கணும்ல?” என்றார் அம்மா.

அன்று வீட்டுக்கு வந்ததும் டீச்சர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. நேரே முன்னறைக்குப் போனார். முன்னறைதான் கணவரின் தையற்கடை. அவர் ஒரு கால்சட்டையை மேசையில் விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க, அதை எடுங்க. மேசை வேணும்.”

“நாளைக்குக் குடுக்கணும்மா.”

“எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்.”

கால்சட்டை போய், அந்த இடத்தில் பள்ளியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த சுவர் வரைபடம் விரிந்தது. டீச்சர் மூன்று நாளாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அறுபதைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை. நாற்பது தப்பு என்று காட்டினால் போதும். விமானி சொன்னதும் தப்பு என்றால், போட்ட சைபர் நிற்கும். சைபர் நின்றால் கேள்வித்தாளும் நிற்கும்.

“இந்தப் புள்ளியிலேருந்து அந்தப் புள்ளிக்கு அளங்க. ஒரு இன்ச்சுக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர். கவனமா அளங்க. நான் அடுப்பைப் பாத்துட்டு வர்றேன்.”

கணவர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். முப்பது வருடமாக ஊரின் இடுப்பையும் தோளையும் அளந்த டேப் அது. வரைபடத்தை அளப்பது அதற்கு இதுதான் முதல் தடவை. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தார். பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுதினார்.

“பன்னெண்டே கால் இன்ச்சும்மா.”

டீச்சர் கரண்டியோடு ஓடி வந்தார். மனதுக்குள்ளேயே பெருக்கினார். முன்னூற்று ஆறு கிலோமீட்டர். ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட நாற்பத்து நாலு நிமிடம்.

“நாப்பது இல்ல! பாத்தீங்களா, நாப்பது இல்ல!”

“எது நாப்பது?” என்றார் கணவர். “இடுப்பா?”

புதன்கிழமை காலை ஆசிரியர் அறைக் கரும்பலகையில் டீச்சர் கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘306 கி.மீ. 44 நிமிடம். விமானி சொன்னதும் தவறு.’ கீழே இரண்டு கோடு வேறு இழுத்தார். ஆசிரியர்கள் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். தமிழ் ஐயா மட்டும் “யாரம்மா அளந்தது?” என்று கேட்டார்.

“எங்க வீட்டுக்காரர். முப்பது வருஷ அனுபவம்.”

அந்த முப்பது வருஷ அனுபவம், விதி வசமாக, அன்றைக்கே பதினோரு மணிக்குப் பள்ளிக்கு வந்தது. விளையாட்டுக் குழுவுக்குத் தைத்த சட்டைகளைக் கொடுக்க வந்தவரைத் தலைமை ஆசிரியை ஆசிரியர் அறைக்கே அழைத்து வந்துவிட்டார்.

“நீங்கதான் அளந்தீங்களாமே? ரொம்பத் துல்லியமா அளந்திருக்கீங்க.”

கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. “அளவுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன் மேடம். புள்ளிக்குப் புள்ளி சரியா பதினொண்ணே கால். அப்புறம் இந்தப் பக்கம் அரை இன்ச்சு, அந்தப் பக்கம் அரை இன்ச்சு, தையலுக்கு விட்டிருக்கேன்.”

தலைமை ஆசிரியை கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

“தையலுக்கா?” என்றார் தலைமை ஆசிரியை.

“பின்ன? நாளைக்கு வளர்ந்துச்சுன்னா பிரிச்சு விட வேணாமா?”

தமிழ் ஐயா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் வெளியே எழுந்து போய்விட்டார். டீச்சர் கரும்பலகைக்குப் போய் எழுதியதைத் தானே அழித்தார். அவர் அழுகிற ரகம் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம், கணவரின் டேப்பை இரண்டாக வெட்டிவிட வேண்டும் போல இருந்தது.

“போதும் டீச்சர்” என்றார் தலைமை ஆசிரியை, கொஞ்சம் இரக்கத்தோடு. “இப்ப நம்மகிட்ட முப்பத்தஞ்சு, நாப்பது, நாப்பத்து நாலு, அறுபதுன்னு நாலு விடை இருக்கு.”

“நாலா? அப்படியே நாலையும் கீழே போட்டு, சரியான விடையைத் தேர்ந்தெடுன்னு குடுத்துடலாமே மேடம்!” என்றார் புதிய சார். அவர் உதவியாகத்தான் சொன்னார்.

டீச்சருக்கு அதுதான் கடைசி அடி. நிமிர்ந்து நின்றார்.

“நாளைக்கு நானே அந்த விமானத்துல போறேன். கடிகாரத்தைக் கையில வெச்சுக்கிட்டுப் போறேன். சக்கரம் தரையை விட்டதுலேருந்து, திரும்பத் தரையைத் தொடுற வரைக்கும் எவ்வளவு நிமிஷமோ அதுதான் விடை.”

“நாப்பது ஆயிட்டா?”

“ஆகாது மேடம். போய்ச் சேர்ற நேரத்தை யாராவது உண்மையா சொல்லிக் கேட்டிருக்கீங்களா? இதோ அஞ்சு நிமிஷத்துல வர்றேன்னு போன எங்க வீட்டுக்காரரு ஒரு நாளாவது அஞ்சு நிமிஷத்துல வந்திருக்காரா? நாப்பதுன்னு வாயில சொல்றாங்கன்னா அறுபதுன்னு அர்த்தம்.”

கணவர் கொண்டுவந்த சட்டைகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

தலைமை ஆசிரியை யோசித்தார். “சரி. நீங்க எழுதிக்கிட்டு வர்ற நேரத்தை நான் அப்படியே ஒத்துக்கறேன். ஆனா சாட்சிக் கையெழுத்து வேணும். நாப்பதுன்னு வந்தா, கேள்வித்தாளை நீங்களே சார் கையில குடுத்துடணும்.”

“குடுத்துடறேன்.”

அன்று கடைசிப் பாடவேளையில் டீச்சர் வகுப்பில் விமானியின் மகளை எழுப்பி நிறுத்தினார். போட்டி நேர்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஓட்டுகிறவரே எதிராளியாக இருந்தால் எப்படி?

“உங்கப்பாவுக்கு நாளைக்கு டூட்டியா?”

“இல்ல டீச்சர். நாளைக்கு லீவு.”

“நல்லது. நாளைக்குக் காலையில முதல் ப்ளைட்ல நான் துறைமுக ஊருக்குப் போறேன். ஒன்பதாவது கேள்விக்கு விடை கண்டுபிடிக்க.”

நாற்பத்தோரு தலைகளும் நிமிர்ந்தன. அந்தப் பெண் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள்.

“டீச்சர், ஒருவேளை நாப்பது நிமிஷத்துலயே போயிடுச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“போகாது. உக்காரு.”

அதற்கு முன் டீச்சர் விமானத்தில் ஏறியதே இல்லை. கணவர் இரவே இரண்டு யோசனை சொல்லியிருந்தார். காது அடைக்கும், பஞ்சு வைத்துக்கொள். கைக்கடிகாரத்தை நம்பாதே, அலாரம் டைம்பீஸை எடுத்துப் போ. தையல் விவகாரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த எதையும் டீச்சர் ஏற்கிற மனநிலையில் இல்லை. ஆனாலும் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

பாதுகாப்புச் சோதனையில் இருந்த பெண் கைப்பையைத் திறந்தவுடன் ஒரு அடி பின்னால் போனாள். உள்ளே ‘டிக் டிக்’ என்றது.

“என்னங்க இது?”

“டைம்பீஸ்.”

“எதுக்கு?”

“மணி பாக்க.”

“கையில வாட்ச் கட்டியிருக்கீங்களே?”

“அது தப்பா இருந்தா இது. இது தப்பா இருந்தா அது.”

“ரெண்டும் தப்பா இருந்தா?”

நல்ல கேள்வி என்று டீச்சருக்கே தோன்றியது. “அதுக்குத்தான் சுவத்துல உங்க கடிகாரம் இருக்கே, மூணையும் சரிபாத்துக்கறேன்” என்று சொல்லி, அங்கேயே நின்று முள்ளைத் திருகிச் சரிசெய்தார். பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. பாதுகாப்புப் பெண்ணின் மேலதிகாரி வந்து, டைம்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அலாரம் அடிக்கவிட்டுப் பார்த்து, ஒரு வழியாகக் கொடுத்தார். அதற்குள் விமானத்தில் எல்லாரும் ஏறி உட்கார்ந்து, டீச்சருக்காகக் காத்திருந்தார்கள்.

ஜன்னல் ஓர இருக்கை. பக்கத்தில் ஒரு குழாய் வியாபாரி, பித்தளைக் குழாய் மாதிரிகள் நிறைந்த பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். விமானப் பணிப்பெண் வந்து டீச்சர் மடியிலிருந்த டைம்பீஸைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்கதானே கணக்கு டீச்சர்?”

‘ஊருக்கே தெரிஞ்சிருக்கு’ என்று நினைத்த டீச்சர், தலையை மட்டும் ஆட்டினார். பிறகு இரண்டு காதிலும் பஞ்சை அழுத்தி வைத்துக்கொண்டார். இனி உலகம் எப்படிக் கத்தினாலும் அவருக்குக் கவலை இல்லை. கண்ணும் முள்ளும் மட்டும் போதும்.

சக்கரம் தரையை விட்டது. டீச்சர் தாளில் எழுதினார்: ஒன்பது ஐம்பத்திரண்டு.

மேகம் வந்தது. மலை வந்தது. விமானி சொன்ன மாதிரி விமானம் மலைக்கு மேலாக நேராகத்தான் போனது. பஸ் ரோடு கீழே வளைந்து வளைந்து எங்கேயோ ஒதுங்கிப் போவதைப் பார்க்கப் பிடிக்காமல் டீச்சர் முள்ளைப் பார்த்தார். இருபது நிமிடம் ஆயிற்று. முப்பது ஆயிற்று.

முப்பத்தாறாவது நிமிடம் விமானம் கீழே சாய்ந்தது. ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. கடலோரமாக ஒரு நீளமான ஓடுபாதையும் தெரிந்தது.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பத்தொன்பது கேள்வித்தாளும் வரிசையாக மனதில் வந்து போயின. தோட்டத்துக்கு வேலி போட்ட விவசாயிகள், தொட்டியை நிரப்பிய குழாய்கள், ஒரு வேலையைப் பன்னிரண்டு நாளில் முடித்த எட்டு ஆட்கள், எல்லாரும் அவரைவிட்டுப் புதிய சாரிடம் போய்க்கொண்டிருந்தார்கள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்தார். ஓடுபாதையைக் காணோம். கீழே கடல்தான் இருந்தது. விமானம் இன்னும் பறந்துகொண்டிருந்தது.

நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

டீச்சருக்கு உயிர் வந்தது. அது வேறு ஏதோ விமான நிலையமாக இருக்கும் என்று முடிவு செய்தார்.

குழாய் வியாபாரி அவர் தோளைத் தட்டினார். வாய் அசைந்தது. டீச்சர் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தார்.

“இப்ப மைக்ல என்ன சொன்னாங்க?”

“நான் பஞ்சு வெச்சிருக்கேன் சார்.”

“வெயில் முதல்ல என் பக்கம் அடிச்சுதுங்க. அப்புறம் உங்க பக்கம் அடிச்சுது. இப்ப மறுபடி என் பக்கம் அடிக்குது.”

“சூரியன் நகரும் சார்.”

“இவ்வளவு வேகமாவா?”

“நாம வேகமா போறோம்ல?” என்று சொல்லிப் பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டார். கணக்கு டீச்சரே சொல்லிவிட்டாரே என்று அவர் பையிலிருந்த ஒரு குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பணிப்பெண் நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து டைம்பீஸை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு விறுவிறுவென்று முன்பக்கம் போனாள். திரும்ப வந்தாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குக் கணக்கில் இவ்வளவு ஆர்வம் இருக்கிறதே என்று டீச்சருக்கு மனம் நிறைந்தது. அவளுக்கு வசதியாக டைம்பீஸை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

ஐம்பது ஆயிற்று. ஐம்பத்தைந்து ஆயிற்று. இப்போது டீச்சருக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. அறுபதைத் தாண்டிவிட்டால்? அறுபத்தொன்று ஆனால்கூடப் புதிய சார் அதை ஐந்தாவது விடையாக எழுதிவிடுவார். முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு. விமானம் சரசரவென்று இறங்கியது. ஐம்பத்தொன்பது.

சக்கரம் தரையைத் தொட்டபோது டைம்பீஸ் சரியாகப் பத்து ஐம்பத்திரண்டு காட்டியது. கைக்கடிகாரமும் அதையே காட்டியது. ஒரு நிமிடம் கூடுதலும் இல்லை, ஒரு நிமிடம் குறைச்சலும் இல்லை.

“அறுபது!” என்று டீச்சர் கத்தினார். காதில் பஞ்சு இருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கத்தினார் என்பது அவருக்குத் தெரியவில்லை. முன் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது.

இறங்கி நடந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பஞ்சை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். வருகைக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தலைமை ஆசிரியைக்கு ஃபோன் போட்டார்.

“மேடம், ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கிளம்புச்சு. பத்து ஐம்பத்திரண்டுக்கு இறங்குச்சு. அறுபது நிமிஷம். நிமிஷம் பிசகல.”

“நிஜமாவா டீச்சர்?”

“கணக்கு பொய் சொல்லாது மேடம். மனுஷங்கதான் சொல்லுவாங்க.”

“சரி, ஒத்துக்கறேன். கேள்வி சரி. அடுத்த வருஷமும் கேள்வித்தாள் உங்களோடதுதான். சார்கிட்ட நானே சொல்லிடறேன்.”

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. புதிய சாரின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க முடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை. விமானியின் மகளைக்கூட மன்னித்துவிடத் தோன்றியது. பாவம், அப்பா பேச்சை நம்பிய குழந்தை. சைபரை மாற்ற முடியாது. ஆனால் பக்கத்தில் ‘முயற்சி நன்று’ என்று எழுதிக் கொடுக்கலாம். பத்தொன்பது வருடத்தில் அவர் யாருக்கும் அதை எழுதியதில்லை.

சாட்சிக் கையெழுத்துதான் பாக்கி. குழாய் வியாபாரியைத் தேடினார். அவர் கழிவறைப் பக்கம் ஓடியதோடு சரி, வெளியே வரவே இல்லை. அப்போது பணிப்பெண்ணே இவரைத் தேடிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். அதே விமானம் அரை மணி நேரத்தில் திரும்பிப் போகிறது. டீச்சருக்கும் அதில்தான் டிக்கெட்.

“வாம்மா, வாம்மா. உன்னைத்தான் தேடுறேன். இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடு. அறுபது நிமிஷம் ஆச்சுன்னு நீயே பாத்தல்ல?”

“பாத்தேன் டீச்சர்.” அவள் தாளை வாங்கி, சுவரில் வைத்து, அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

“நல்லா இரும்மா. உனக்குக் கணக்குல ஆர்வம்னு உள்ளேயே பாத்தேன்.”

பணிப்பெண் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“டீச்சர், திரும்பிப் போறப்பவும் அஞ்சு சுத்து சுத்திட்டு இறக்கணுமா, இல்ல நேரா இறக்கிடலாமான்னு லீவை விட்டுட்டு இன்னிக்கு ஓட்ட வந்த கேப்டன் கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரு, அவரு பொண்ணு பத்தாவது முடிக்கிற வரைக்கும் உங்ககிட்டதான் கணக்குப் படிக்கணுமாம்.”